ஆறு மணி வெளிச்சம்

"ஏய், ஆறு மணிக்குள்ள முடிக்கணும்! சட்டி பானையெல்லாம் கழுவி எடுத்துட்டு வாங்கடி!"

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் நின்று பெரியாயி கத்தினாள். மலைத்தண்ணீர் கொட்டும் பீலியடியில் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு கழுவினார்கள், குடங்களை நிரப்பினார்கள்.

குமாரசிங்கத்துக்கு மனம் இளகிவிட்டது. நாலு மாதமாக இங்கே வரும்போதெல்லாம் இதே அவசரத்தைத்தான் பார்க்கிறார். பாவம், இருட்டிவிட்டால் இந்தச் சனங்களுக்கு ஒரு வேலையும் ஓடாது. 'வெளிச்சம் இல்லாததால் இவர்களது நாள் ஆறு மணியோடு முடிந்துவிடுகிறது' என்று அறிக்கையில் எழுதி, கொழும்பில் பாராட்டும் வாங்கியிருந்தார்.

நமுனுகுல மலைச்சரிவில் ஆற்றை மறித்து மின்சாரம் எடுக்கும் நீரொளி கம்பெனியில் அவர் சமூகப் பொறுப்பு அதிகாரி. ஆற்றை எடுத்துக்கொண்டதற்குப் பதிலாக, கம்பெனி இந்தக் கீழ்ப்பிரிவு லயத்தின் இருபத்துநான்கு காம்பரா வீடுகளுக்கும் மின்சாரம் கொடுக்கிறது. வாசலில் கதவைவிடப் பெரிய போர்டு ஒன்றும் நட்டாயிற்று: 'இருளில் வாழ்ந்த இருபத்துநான்கு குடும்பங்களுக்கு ஒளி தந்தது நீரொளி.'

இன்று சரியாக ஆறு மணிக்குக் கம்பெனி சேர்மன் ஸாஹிர் சுவிட்சைப் போடுவார். போன மாதம் வேறொரு தோட்டத்தில் அவர் திறந்துவைத்த தண்ணீர்க் குழாயில் காற்றுதான் வந்தது. அடுத்த விழாவும் இப்படியென்றால் வேலையை உறுதிப்படுத்த முடியாது என்று, காரில் ஏறும்போதே குமாரசிங்கத்திடம் சொல்லிவிட்டார்.

ஐந்து மணிக்குக் குமாரசிங்கம் ஒரு சுவிட்சைத் தட்டிப் பார்த்தார். எரியவில்லை. அடுத்த காம்பராவிலும் எரியவில்லை.

கோயில் மேட்டில் மட்டும்தான் போனுக்கு சிக்னல். மூச்சிரைக்க ஏறி, மின்சார டிப்போவில் லைன் வேலைகளைக் கவனிக்கும் நிரோஜனைப் பிடித்தார்.

"சேர், தெமோதரையில லைனுக்கு மேல மரம் விழுந்திட்டுது. பொடியள் போயிருக்கினம். ஆறு மணிக்குள்ள வந்தால் உங்கட அதிர்ஷ்டம்."

இறங்கி வந்தவரைத் தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பார்க்கும் மாரிசாமி வழிமறித்தான்.

"என்னங்கய்யா, மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு?"

"கரண்ட் இல்லை மாரிசாமி. என்ரை வேலை போச்சு."

மாரிசாமி புதிய வயர்களைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான்.

"ஆறு மணிக்கு வந்துருங்க."

"நீர் என்ன, கரண்டுக்கும் சாத்திரம் சொல்லுறீரோ?"

"வந்துரும்னா வந்துருங்கய்யா. நீங்க தொரைய மட்டும் அதுவரைக்கும் பேச வைங்க."

சேர்மனைப் பேச வைப்பது பெரிய காரியமில்லை, நிறுத்துவதுதான் கஷ்டம். கொடுப்பதில் உள்ள இன்பத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு அவர் கை சுவிட்சுக்குப் போனபோது குமாரசிங்கம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கைதட்டல் கேட்டுத்தான் திறந்தார். இருபத்துநான்கு காம்பராக்களிலும் பல்பு எரிந்தது. கொஞ்சம் மஞ்சளாகத்தான், ஆனால் எரிந்தது. நிரோஜனின் பொடியளுக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருந்தது அவருக்கு.

சேர்மன் கேசரி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் பீலிக்குப் போனார். பீலியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நல்ல வேளை, பெரியாயி செம்போடு ஓடிவந்தாள்.

"இந்தாங்க தொர, கைய நீட்டுங்க, ஊத்துறேன்."

சேர்மன் சிரித்துவிட்டார். "மிஸ்டர் குமாரசிங்கம், உங்களுக்கும் தண்ணிக்கும் ராசியில்ல போல. ஆனா லைட் விஷயம் ஃபர்ஸ்ட் கிளாஸ். நாளைக்கே உங்கட கடிதத்தில சைன் வைக்கிறன்."

கார் வளைவில் மறைந்ததும் குமாரசிங்கம் மறுபடியும் கோயில் மேட்டுக்கு ஓடினார்.

"நிரோஜன், சொன்ன மாதிரியே செய்து போட்டீர்! பொடியளுக்கும் சொல்லும், ஒருநாளும் மறக்கமாட்டன்."

மறுமுனையில் நிரோஜன் அலுத்துக்கொண்டான்.

"சேர், பகிடி விடாதேங்கோ. மரம் இன்னும் கம்பியிலதான் கிடக்கு. கரண்ட் வர ஒன்பது மணியாகும்."

குமாரசிங்கம் மெல்லத் திரும்பினார். கீழே லயத்தில் இருபத்துநான்கு பல்புகளும் எரிந்துகொண்டிருந்தன. பின்னால் மாரிசாமி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"மாரிசாமி, இது ஆரின்ரை கரண்ட்?"

"பீலித் தண்ணிலதாங்க ஓடுது. ஃபெக்டரியில கழிச்சுப் போட்ட டைனமோச் சக்கரம் ஒண்ண பீலிக்குக் கீழ இருக்குற ஆட்டுக் கொட்டில்ல வச்சிருக்கோம். பொம்பளைங்க கழுவி முடிச்சதும் ஆறு மணிக்குத் தண்ணிய அதுக்குத் திருப்பிருவோம். நாலு வருசமா எரியுதுங்க. இன்னிக்கு ஒங்க வயருல மாட்டி விட்டேன், அம்புட்டுத்தான்."

"நாலு மாதமா நான் ஒரு பல்பையும் இங்கை காணேல்லையே!"

"நீங்க வர்றப்ப கழட்டி அரிசிப் பானையில போட்டுருவோங்க. வெளிச்சம் இருக்குன்னு தெரிஞ்சா ஒங்க கரண்டக் குடுக்க மாட்டீங்களே? அது வந்தாத்தான எங்களுக்கு ராவுல பீலியிலயும் தண்ணி வரும்?"

குமாரசிங்கத்தின் பார்வை லயத்து வாசலில் நின்ற பெரிய போர்டின் மேல் போய் விழுந்தது. மாரிசாமியும் அதைக் கவனித்தான்.

"ஒங்க கரண்ட் வர்ற வரைக்கும் எங்க கரண்ட வச்சுக்குங்கய்யா. பயப்படாதீங்க, நாங்க போர்டெல்லாம் வைக்க மாட்டோம்."