ஏறாத இருபது

ரிஷிவந்தியத்துக் கொளஞ்சியம்மாள் மூன்றாம் நாளாக ஆஸ்பத்திரி லேப் ஜன்னலில் நின்றாள். உள்ளே லேப் டெக்னீஷியன் கலையரசி, கொளஞ்சியம்மாளின் புருஷனுக்கு மஞ்சள் காமாலை எவ்வளவு என்று மெஷினில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முந்தாநாள் இருபது, நேத்தும் இருபது. ஏறல, பயப்படாதன்னு நீதானம்மா சொன்ன? இன்னிக்கும் ஏறலன்னா வூட்டுக்கு இட்டுக்கினு போயிடுவேன்."

"கொஞ்சம் இருங்கக்கா."

இன்றைக்கும் இருபதுதான் காட்டியது. ஆனால் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சீரம், முதல் நாள் எலுமிச்சை நிறத்தில் இருந்தது, இன்று தேன் மாதிரி இருந்தது. கலையரசி அதே சீரத்தில் வேறொரு குழாயைத் தயார்செய்து மறுபடியும் வைத்தாள்.

எட்டிப் பார்த்த கொளஞ்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ரெண்டாந்தரமும் அதே இருபது! நீ நல்லா இருக்கணும் தாயீ!"

கலையரசி அவள் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்தாள்.

"டாக்டர், அந்த மஞ்சக்காமாலைக்காரரை உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். மூணு நாளா மெஷின் காட்டினத நம்ப முடியாது சார். சீரம் அவ்ளோ அடர்த்தி, வெளிச்சம் ஊடுருவல. மெஷினுக்கு இருபதுக்கு மேல காட்டவே தெரியல."

"எப்படிம்மா சொல்ற?"

"இப்ப பாதிக்குப் பாதி உப்புத்தண்ணி கலந்து வெச்சேன் சார். நெஜமாவே இருபதுன்னா பத்துக்கு எறங்கணும். அப்பவும் இருபதுதான் காட்டுது."