மூன்றாம் நாள் சுண்ணாம்பு

விசாரணைக் குழுவின் மூன்று பேர் உட்கார்ந்திருந்த மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சுற்றுலாத் துறைப் பெண் அதிகாரி புகார்க் கடிதத்தை வாசித்தார். கடற்கரை ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் இந்தப் பெண், வழிகாட்டி உரிமம் இல்லாமலேயே, தங்க வருகிறவர்களைப் பழைய துறைமுகக் கோட்டைக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுகிறாள். இரண்டு வருடமாக. தன் விடுமுறை நாள்களில்.

“உண்மையா?”

“ஒரு எழுத்து விடாம உண்மை மேடம்.”

தட்டச்சு செய்துகொண்டிருந்த குமாஸ்தாவின் விரல்கள் நின்றன. அந்த நாற்காலியில் உட்கார்ந்த யாரும் இப்படி ஒப்புக்கொண்டதில்லை.

ஓரத்தில் இருந்த வரலாற்றுப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். “கடல்ல குளிக்க வர்றவங்களுக்குக் கோட்டையில என்னம்மா வேலை?”

“கூட்டிட்டு வர்றது தண்ணிதான் சார். வெதுவெதுன்னு இருக்கும், இறங்கினா ஏற மனசு வராது. ஆனா கழுத்தளவு தண்ணியில நின்னு திரும்பினா எதிர்ல கோட்டைச் சுவர். எவ்வளவு நேரம் சும்மா பார்ப்பாங்க? யார் கட்டினா, யாருக்குப் பயந்து கட்டினான்னு மனசு அரிக்கும். ரெண்டு நாளைக்கு அவங்க துண்டுல மணல்தான் இருக்கும். மூணாம் நாள் கோட்டைச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். துவைக்கப் போடுறவ நான், எனக்குத் தெரியாதா?”

பேராசிரியர் விடுவதாக இல்லை. “சரி, கடல்வாசல் படியில கப்பல் கயிறு அறுத்த தடம் எத்தனை?”

“எட்டு.”

“ஆறு. புத்தகத்துலயே இருக்கு.”

“எழுதினவர் தண்ணி ஏறின நேரமாப் பார்த்து வந்திருப்பார் சார். வத்தினதும் போங்க, கீழ்ப்படியில இன்னும் ரெண்டு இருக்கு.”

அதிகாரி குனிந்து சிரிப்பை அடக்கினார். அந்தப் புத்தகத்தை எழுதியவர் பேராசிரியரேதான்.

அவருடைய காதுமடல் சிவந்தது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, தண்ணீர் எத்தனை மணிக்கு வற்றும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மூவரும் தலையோடு தலை சேர்த்துப் பேசினார்கள். உரிமம் இல்லாமல் சுற்றிக் காட்டியதற்கு எழுத்து மூலமாக ஓர் எச்சரிக்கை. நேரில் சோதித்து அறிந்த திறமைக்கு ஓராண்டுத் தற்காலிக உரிமம்; அதைக் கொடுக்கக் குழுவுக்கு அதிகாரம் இருந்தது.

அவள் கையெழுத்துப் போட்டு, உரிமத்தை வாங்கிக்கொண்டாள்.

“புகார் கொடுத்தது யாருன்னு நாங்க சொல்ல மாட்டோம்,” என்றார் அதிகாரி. “தெரியவந்தாலும் சண்டைக்குப் போகக் கூடாது.”

“சத்தியமாப் போக மாட்டேன் மேடம்.”

வெளியே தாழ்வாரத்தில், அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கணவன் காத்திருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்தான்.

பட்டப்படிப்பு இல்லை என்று, நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடாமல், வழிகாட்டி உரிமத்துக்கான அவளுடைய விண்ணப்பம் நான்கு முறை திரும்பி வந்திருந்தது. விண்ணப்பம் என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். கையெழுத்துப் போட்ட புகார் என்றால் ஆளைக் கூப்பிட்டு விசாரித்தே ஆகவேண்டும்.

புகாரை எழுதியது அவன். பிழை திருத்தியது அவள்.