கை எட்டும் மரம்

“இன்னும் கொஞ்சம் இழுங்கப்பா, கை எட்டல!”

மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து யெப்பெயின் குரல் மட்டும் வந்தது. ஆளைக் காணவில்லை.

டோர்பென் இடது கையால் மகள் மைக்கனைப் பிடித்துக்கொண்டு வலது கையைக் காற்றில் துழாவினார். தூறலில் நனைந்த ஊசியிலைகள் கன்னத்தில் குத்தின. மகனின் விரல் அகப்படவில்லை.

கிறிஸ்துமஸ் மரத் தோட்டத்துக்கு வந்த மற்றவர்கள் அளவுகோல் வைத்து உயரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் வீட்டில் மரத்தைக் கையால்தான் அளப்பது. கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை கூடத்தின் நடுவே மரத்தை நிறுத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, எல்லோரும் கைகோத்துப் பாடிக்கொண்டே சுற்ற வேண்டும். வளையம் மூடாவிட்டால் அது என்ன சுற்று? அதனால் வெட்டுவதற்கு முன்பே ஒரு தடவை கைகோத்துப் பார்த்துவிடுவார்கள்.

நான்கு பேர் இருந்தபோது மரமும் நல்ல அகலமாக இருந்தது. பிள்ளைகளின் அம்மா சாகவில்லை. ஒரு பல் டாக்டரோடு போர்ச்சுகலுக்குப் போய் மூன்று வருடமாகிறது. டிசம்பர் தவறாமல் ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்பிவிடுகிறாள். அவள் போனதிலிருந்து வீட்டுக்கு வருவதெல்லாம் சோனி மரம்தான்.

இன்றைக்கும் முதல் வரிசையிலேயே அப்படி ஒன்று கிடைத்தது. மூன்று பேர் கைகளும் சுலபமாகச் சேர்ந்தன.

“இதான்ப்பா. வெட்டிட்டுப் போய் சூடா ஒயின் குடிக்கலாம்,” என்றாள் மைக்கன்.

“இதெல்லாம் ஒரு மரமா? பூந்தொட்டில வெக்கலாம்,” என்று சொல்லி டோர்பென்தான் அவர்களை இந்தப் பெரிய மரத்துக்கு இழுத்துவந்தார்.

“எதுக்குப்பா இவ்ளோ பெருசு?” மைக்கன் இப்போது கேட்டாள். “நாம மூணு பேர்தானே?”

இதோ, இந்த இடத்தில் சொல்லிவிடலாம். காரில் வந்த நாற்பது கிலோமீட்டரும், லிஸ்பெத்தும் வருகிறாள் என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். லிஸ்பெத் காலையில் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். “உங்க பிள்ளைங்ககிட்ட இன்னிக்குச் சொல்லுங்க. சொல்லலேன்னா நான் வரமாட்டேன். திருட்டுத்தனமா வந்து வாத்துக்கறி சாப்பிடணும்னு எனக்கு என்ன தலையெழுத்தா?”

“மூணு பேர்தான்,” என்றார் டோர்பென். தன் நாக்கின் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

யெப்பெ மரத்தைச் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தான். “அப்ப இந்த கேப்புல யாரை நிறுத்தறது? பக்கத்து வீட்டு நாயையா?”

“நாய்க்குக் கை ஏதுடா?” என்றாள் மைக்கன். “அப்பாவோட சைக்கிளை நிறுத்து. அதுக்காச்சும் ரெண்டு கைப்பிடி இருக்கு. என்ன, புதன்கிழமைன்னா மட்டும் கிடைக்காது.”

டோர்பெனின் காது சிவந்தது. புதன்கிழமைதான் மருந்துக்கடைச் சந்தில் சைக்கிளை ஒளித்து நிறுத்திவிட்டு லிஸ்பெத் வீட்டுப் படி ஏறுவது.

“குளிர்,” என்றார், யாரும் கேட்காமலே.

பிறகு, “லிஸ்பெத்,” என்றார்.

வாக்கியம் வரவில்லை. பேர் மட்டும்தான் வந்தது.

“எந்த லிஸ்பெத்?” யெப்பெ ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். “மருந்துக்கடை லிஸ்பெத்தா?”

“ம். கிறிஸ்துமஸுக்கு முந்தின சாயங்காலம் அவ நம்ம வீட்டுக்கு... நான்தான் கூப்பிட்டேன். அவ கேக்கல. நான்தான்.”



மைக்கன் அவர் கையை விட்டாள். கீழே கிடந்த ரம்பத்தை எடுத்தாள். சேற்றில் சளக் சளக்கென்று மிதித்துக்கொண்டு வரிசையைத் தாண்டிப் போனாள்.

போச்சு. எப்போதுமே அம்மா பிள்ளை அவள்.

“மைக்கன், நில்லும்மா. பிடிக்கலேன்னா சொல்லிடு. நான் அவகிட்ட எப்படியாச்சும்...”

“அந்த மரம் வேணாம்ப்பா!” இரண்டு வரிசை தள்ளியிருந்து கத்தினாள் மைக்கன். அவளைவிட முக்கால் ஆள் கூடுதல் உயரமும் நல்ல அகலமுமான ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். “பத்தாது. இங்க வாங்க.”

“பத்தாதா? அது நாலு பேருக்குச் சரியா இருக்குமேம்மா.”

“அதத்தான் சொல்றேன். பத்தாது.”

டோர்பென் மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள் யெப்பெ அவரை முந்திக்கொண்டு ஓடி, அந்த மரத்தின் பக்கத்தில் பொத்தென்று முழங்கால் போட்டான். புது பேன்ட். சேறு தொடை வரைக்கும் தெறித்தது.

“டேய், என்னடா பண்றே?”

“சக்கர நாற்காலில உக்காந்தா இவ்ளோ உயரம்தானே இருப்பாங்க?” யெப்பெ இரண்டு கையையும் நீட்டினான். “அவங்களுக்குக் கை எட்டுதான்னு பாக்க வேணாமா? ஒரு பக்கம் நீங்க பிடிங்கப்பா, இன்னொரு பக்கம் அக்கா பிடிக்கட்டும். சீக்கிரம், முட்டி ஜில்லுங்குது.”

லிஸ்பெத்துக்குச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு அம்மா உண்டு என்று டோர்பென் வீட்டில் சொன்னதே இல்லை. அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாயேன் என்று லிஸ்பெத்திடம் சொல்லக்கூட அவருக்கு இன்னும் தைரியம் வந்திருக்கவில்லை.