லாயிட் சாரின் மார்ச் மாதம்

லாயிட் சாரின் இதயம் சுவரளவு டிவியில் சிவப்புக் கோடாகத் துள்ளிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. வைட்ஃபீல்டில் பதினோராவது மாடி வீடு. தம்மைத் தாமே ஆராய்ச்சி செய்துகொள்ளும் சங்கத்தார் எட்டுப் பேர் சோபாக்களில் சரிந்திருந்தார்கள். ஊரில் ஆராய வேறு எதுவும் மிச்சமில்லை போலும்.

வீட்டு வேலை செய்யும் விஜி காபித் தட்டோடு நின்றாள்.

இது அவள் அக்கா தனக்கோடி பார்த்த வேலை. மார்ச் கடைசியில் இதே ஹாலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் மாப்பைப் பிடித்தபடியே சாய்ந்தாள். மாரடைப்பு; பிழைக்கவில்லை. முன்னாடி ஏதாவது அறிகுறி இருந்ததா என்று ஆஸ்பத்திரியில் துருவித் துருவிக் கேட்டார்கள்.

ஒன்றுமே இல்லை என்றாள் விஜி. கூடப் பிறந்தவளைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

"மார்ச் முழுக்க, தினம் பதினோரு மணியானா என் இதயம் தாளம் தப்புச்சு. ஒன்பது தடவை இந்த வாட்ச், 'டாக்டரைப் பாரு'ன்னுச்சு. நான் போகலை. டைரியைத் திறந்து எனக்குள்ள போனேன். அங்க எங்கப்பா நின்னுட்டிருந்தார்!" என்றார் லாயிட் சார்.

சங்கத்து ஆஞ்சலா மேடம் கர்ச்சீப்பை எடுத்தார்.

நாற்பது பக்கம் எழுதினாராம். அப்பாவை மன்னித்தாராம். ஏப்ரலில் இதயம் அடங்கிவிட்டதாம். டிவியும் ஆமாம் போட்டது: ஏப்ரல் கோடு பரம சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

செத்துப்போன அப்பாவால் மறுத்துப் பேச முடியாது, பாவம்.

கைதட்டல். ஒருவர் சாரைக் கட்டிப்பிடித்து முதுகைத் தடவிக் கொடுத்தார். சார் கண்ணாடியைக் கழற்றி, தன் கண்ணீரைத் தானே ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துடைத்தார்.

விஜி தட்டை அங்கேயே வைத்துவிட்டுச் சமையலறை சிங்க்குக்குப் போனாள்.

முகத்தைக் கழுவித் திரும்பியபோது கூட்டம் கலைந்திருந்தது. சார் கை வாட்சை அவிழ்த்தபடி சமையலறை வாசலில் நின்றார்.

"கட்டிக்கோ விஜி. ஆபீஸ் நடைப் போட்டிக்கு இன்னும் நாலாயிரம் அடி பாக்கி. நீ வீட்டைத் துடைச்சா வந்துடும்."

ஏப்ரல் முதல் தேதியிலிருந்து தினம் பதினோரு மணிக்குத் தானாக நீண்ட விஜியின் இடது கை, இன்று நீளவில்லை.

"என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார் சார், வாட்சை நீட்டியபடி.

ஆம்புலன்ஸ்காரர்கள் அக்காவை லிஃப்டுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது, ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லி, அவள் மணிக்கட்டிலிருந்து சாரே அவிழ்த்துக்கொண்ட வாட்ச்.