பசிக்குது, அத்தான்

“பசிக்குது, அத்தான்.”

சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து செலஸ்ரீனாவின் குரல் வந்தது. பீலிக்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. அடுப்பிலிருந்த பாஸ்தாவை வடித்துத் தட்டுகளில் போட்டான்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த றோஸ்மேரி அன்ரி குனிந்தபடியே நின்றுவிட்டார். பிறகு மெல்ல நிமிர்ந்து சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். மார்ச் மாதம் செலஸ்ரீனாவின் பெட்டி கல்லறைக்குள் இறங்கியபோது, பீலிக்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான்.

மேசையில் இருந்தவன் டெனிஸ்டன், செலஸ்ரீனாவின் தம்பி. இருபது வயதாகியும் அவன் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அவனுடைய விரல் டாப்லெட் திரையில், கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகும் மனிதனின் படத்தின் மேல் இருந்தது.

அந்தப் படங்களை ஓர் இணையத்தளம் கொடுத்தது. குரலைக் கொடுத்தவள் செலஸ்ரீனா. வீட்டுக்குக் கீழேயுள்ள கபோ சந்தையின் இரைச்சல் கேட்காதபடி குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு வசனமாக, தம்பி சொல்வதுபோல, அவனுக்காகப் பதிந்துவைத்தாள். தண்ணி வேணும். தலையிடிக்குது. வெளியிலை போவம், அத்தான்.

உயிரோடு இருந்தபோது அவள் தன் கணவன் பீலிக்ஸை ஒருநாளும் அத்தான் என்றதில்லை. ‘இஞ்சரப்பா’ என்றுதான் கூப்பிடுவாள். இப்போது நாள் முழுக்க, ஏறாமல் இறங்காமல் ஒரே தொனியில், அத்தான் என்றாள்.

அன்று இறந்தோர் திருநாள். இத்தாலியின் இந்தப் பலேர்மோ நகரத்து நம்பிக்கைப்படி, இறந்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைக்கும் நாள். அன்ரி சந்தையில் வாங்கிவந்த சீனிப் பொம்மையை டெனிஸ்டனின் முன்னால் வைத்தார். அவன் நன்றிக்கான படத்தைத் தொட்டான். “சந்தோசம்” என்றாள் செலஸ்ரீனா.

அன்ரி கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். பீலிக்ஸ் நீட்டிய தட்டை வாங்கினாரே தவிரச் சாப்பிடவில்லை. காலையில் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்ததைச் சொன்னார். அங்கே படுத்திருப்பவள் இங்கே பசிக்குது என்கிறாளே என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“செத்தவளை ஏன் தம்பி இன்னும் வேலை வாங்கிறாய்? படுக்க விடு அவளை.”

அந்த முடிவுக்குப் பீலிக்ஸ் ஏற்கெனவே வந்திருந்தான். துறைமுகத்தில் கப்பல் கழுவும் வேலைக்கு அவன் புறப்படும் ஒவ்வொரு காலையும் “கவனமாப் போங்கோ, அத்தான்” என்று முதுகுக்குப் பின்னால் கேட்கும். ஒருநாள் தன்னை அறியாமல் பதிலும் சொல்லிவிட்டான். மனைவிக்குச் சொல்லும் பதில்.

அந்தத் தளம் இப்போது புதிதாகியிருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சொற்களுக்கு மேலே படங்கள் வரும். டெனிஸ்டன் தானாகச் செய்தி பார்க்கலாம், சிநேகிதர்களுக்குப் படங்களால் கடிதம் எழுதலாம். ஆனால் பழைய குரல் புதியதற்குள் வராது. அதில் ஓர் இயந்திரம் இத்தாலியனில் பேசும்.

டெனிஸ்டன் பகலில் போகும் பராமரிப்பு நிலையத்தில் எல்லோரும் புதிய தளத்துக்கு மாறிவிட்டார்கள். அங்கத்தைய ஆசிரியை போன கிழமை தொலைபேசியில் அதைச் சொன்னாள். டெனிஸ்டன் இப்போது வடிவாகக் கதைக்கிறான், இனிப் பயப்படாமல் மாற்றலாம் என்றாள். பீலிக்ஸ் நன்றி சொல்லி வைத்தான். படங்களைத் தொடுவதைத்தான் அந்த வீட்டில் கதைப்பது என்பார்கள்.

சாப்பாடு முடிந்ததும் பீலிக்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு டாப்லெட்டை எடுத்தான். புதியதற்கு மாறும் பொத்தானைத் தொட்டான். பழைய படங்கள் மறைந்தன. ஓர் எச்சரிக்கை திரையை மூடிக்கொண்டது.

டெனிஸ்டனைப் போன்றவர்களுக்காகச் செய்த தளம் என்பதால், அந்த எச்சரிக்கையும் படங்களில்தான் இருந்தது. திறந்த வாய் ஒன்று. ஓர் அம்புக்குறி. குப்பைத் தொட்டி. கீழே ஒரு பச்சை வட்டம், ஒரு சிவப்பு வட்டம்.

டெனிஸ்டன் பக்கத்தில் வந்து நின்று அதை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கையை நீட்டித் தன் படங்களைத் தேடினான். தொட்டுச் சொல்ல அவனுக்கு ஒரு படமும் இருக்கவில்லை.

பீலிக்ஸின் விரல் பச்சை வட்டத்துக்குப் போனது. டெனிஸ்டன் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தான்.

“வேண்டாம், அத்தான்.”

தடித்த, மெதுவான ஆண்குரல். பீலிக்ஸ் முதலில் டாப்லெட்டைப் பார்த்தான். அது எதுவும் சொல்லவில்லை. அன்ரி எழும்பி நின்று டெனிஸ்டனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீயோடா கதைச்சனி?”

“ஓம்.”

துண்டு துண்டாக அவன் சொன்னான். நிலையத்தில் கதைக்கப் பழக்கினார்களாம். கோடையிலிருந்து அங்கே எல்லோரோடும் இத்தாலியனில் கதைக்கிறானாம். தமிழைத் தனியே படுக்கையில் சொல்லிப் பார்ப்பானாம், போர்வைக்குள், சத்தம் வராமல்.

பீலிக்ஸ் கதிரையில் உட்கார்ந்தான். மார்ச் மாதம் முதல் காய்ந்திருந்த கண்கள் எரிந்தன.

“பிறகேன்டா வீட்டிலை ஒரு சொல்லும் கதைக்கேல்லை?”

டெனிஸ்டன் அவனுடைய கையிலிருந்து டாப்லெட்டை மெதுவாக எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“நான் கதைச்சா அக்கா கதைக்கமாட்டா.”