கறிவேப்பிலை வாங்கப் போன மாமி

"காளான் செடியா, பிராணியா?" என்று கேட்டார் தோத்தாத்ரி.

கல்யாணமான நாளாக, இடி இடித்து மழை பெய்தால் மறுநாள் வரும் கேள்வி இது. பதிலையும் அவரே சொல்லிவிடுவார். காமு மாமி காத்திருந்தாள்.

"ரெண்டும் இல்லை. தனி ராஜ்ஜியம். ஆகையால் நம்மாத்துத் தளிகையில் அதுக்கு இடம் கிடையாது!"

"இப்போ யார் கேட்டா? நான் கோகிலாவாத்துக்குப் போய்க் கொஞ்சம் கறிவேப்பிலை வாங்கிண்டு வரேன்."

"ம்." பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

அடுத்த வீட்டில் கோகிலவாணி தட்டோடு தயாராக இருந்தாள். மாமிக்கென்றே கவிச்சி படாத தனிச் சட்டி. உள்ளே கொதிக்கக் கொதிக்கப் புற்றுக்காளான் குழம்பு.

"காலையில தெருவே பச்சைமலைக்கு ஓடிச்சு மாமி. முள்ளையும் பாறையையும் பாத்துட்டு எல்லாரும் வெறுங்கையோட திரும்பினாங்க. இவர் மட்டும் பை நிறைய கொண்டாந்தார். எங்கேன்னு கேட்டா வாயே திறக்கல."

"இடத்தைச் சொன்னா அடுத்த மழைக்குப் பூக்காது," என்றான் அவள் கணவன் மோகன்ராஜ். "எங்க வூட்ல பொண்டாட்டிக்குக்கூட சொல்ல மாட்டோம்."

மாமி பெருமூச்சு விட்டாள். "எங்காத்துக்காரரும் தினம் அதே மலையிலதான் வாக்கிங் போறார். என்ன பிரயோஜனம்? நான் இங்க சாப்பிடறது தெரிஞ்சா, புத்தோட பேத்துண்டு வந்து என் தலையில கவுத்துடுவார்."

அழைப்பு மணி அடித்தது. கோகிலா ஜன்னல் வழியே பார்த்தாள்.

"மாமி, சார்!"

"போச்சு, மானம் போச்சு!" மாமி தட்டோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். "கோகிலா, சீக்கிரம் கொஞ்சம் கறிவேப்பிலை குடுடி!"

"எங்ககிட்ட ஏது மாமி? நானே உங்க கொல்லை மரத்துலதானே பறிக்கிறேன்!"

மோகன்ராஜ் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வாசல் கேட்டருகே தோத்தாத்ரி நின்றிருந்தார். முழங்கையெல்லாம் முள் கீறல்.

"கிடைச்சுதாப்பா?" குரலைத் தாழ்த்திக் கேட்டார். "பெரிய பாறைக்குப் பின்னாடி, முள்ளை வெட்டிப் போட்டு மூடி வெச்சிருந்தேனே?"

"அப்டியே இருந்திச்சு சார். ஒருத்தன் கண்ணுலயும் படல."

"சாப்பிட்டாளா?"

"ரெண்டாவது ரவுண்டு போய்க்கினு கீது. மாமிகிட்ட சொல்லிடவா சார்? பாவம், பயந்துகினே சாப்பிடுறாங்க."

"காரியத்தைக் கெடுத்தே போ! திருட்டுத்தனம் இல்லேன்னா அந்தக் குழம்புல பாதி ருசி போயிடும்."

சட்டைப் பையிலிருந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையை எடுத்து நீட்டினார் தோத்தாத்ரி.

"இதை எப்படியாவது அவ கைக்குச் சேர்த்துடு. போன தடவை வெறுங்கையோட வந்துட்டா. அதைக் கவனிக்காத மாதிரி இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்!"