திருஷ்டி பொம்மையின் சட்டை

புது வீட்டு மொட்டைமாடியில் ஃபோம் நுரை பீய்ச்சி அடிக்க வந்த ஆரோக்கியம், படியோரம் நின்ற திருஷ்டி பொம்மையை எடுத்துவிடச் சொன்னான். "காத்துல தெறிச்சு ஒட்டிக்கும்க்கா. அப்புறம் போகவே போகாது." குணவதி எடுக்கவில்லை. சுவர் எழும்பியபோது அவள் கணவர் தணிகாசலம் போட்டிருந்த சட்டையைக் கழற்றி, வைக்கோல் திணித்து நிறுத்திய பொம்மை அது. வீட்டுக்குள் வெயில் இறங்கக் கூடாது, கூரைக்கு ஃபோம் அடித்தே தீரவேண்டும் என்று அடம்பிடித்தவரும் அவர்தான். அவருடைய காரியத்தன்று துணிமணிகளை எல்லாம் கொடுத்துவிட்டார்கள். மாடியில் இருந்த இதை யாரும் நினைக்கவில்லை. மழையில் வைக்கோல் மக்கி உதிர்ந்து, வெறும் சட்டை கம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. தளம் முழுக்க அடித்து முடித்தவனிடம் குணவதி கேட்டாள்: "தம்பி, இதுக்குள்ளயும் கொஞ்சம் அடிச்சு விடேன்." ஆரோக்கியம் முகமூடியை இறக்கி அவளைப் பார்த்தான். காலர் வழியே குழல் முனையை விட்டு அழுத்தினான். நுரை பொங்கியது. தோள் எழுந்தது, மார்பு நிறைந்தது, தொப்பையும் வந்தது. அவர் போடும்போதெல்லாம் தெறிக்கும் அந்த வயிற்றுப் பொத்தான் இப்போதும் தெறித்து விழுந்தது. நுரை இறுகியதும் அவள் அந்த நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். "சுடுதே தம்பி." "கெட்டியாகிறப்ப சுடும்க்கா. கொஞ்ச நேரத்துல ஆறிடும்." அவன் சாமான்களை எல்லாம் கீழே வண்டியில் ஏற்றிவிட்டு, சொல்லிக்கொண்டு போக மேலே வந்தான். அவள் கையை எடுத்திருக்கவில்லை. தானும் பொம்மையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆறிடுச்சுக்கா" என்றான். "இன்னும் இல்ல" என்றாள்.